தண்ணீர் இருந்தும் வாடிய கரும்பு

எங்கள் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவர் பங்கு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். தனக்கு எது வரும் என்று தெரியாததால் மூத்தவர் இரண்டையும் சமமாகத்தான் போட்டாக வேண்டும். எடுத்த பிறகு இளையவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், "நீதானே எடுத்தே?" என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கமலாக்காவுக்கு அவர் அண்ணன் தெய்வசிகாமணி இந்த முறைப்படி பங்கு கொடுத்ததை ஊரே பேசியது. தங்கச்சிக்கு யார் நிலம் கொடுக்கிறார்கள்? கல்யாணத்தோடு கணக்கு முடிந்தது என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு புடவையும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தெய்வசிகாமணி அப்படிச் செய்யவில்லை. பங்கைப் போட்டார், முதலில் எடுக்கும் உரிமையையும் தங்கையிடமே விட்டார். அவர்களுக்கு எதிர் வீடு எங்களுடையது. விடுமுறையில் வந்திருந்த நானும் அன்று கூட்டத்தில் நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. அதன்பின் நடந்ததை நான் தூரத்தில் இருந்துகொண்டு கமலாக்கா போனில் சொல்லித்தான் அறிந்தேன். கூலி வேலைக்கு வரும் பச்சையம்மாளும் கொஞ்சம் சொன்னாள். தெய்வசிகாமணி தன் வாயால் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னமும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

கமலாக்காவின் கணவர் பஸ் டிரைவர். எலவனாசூர்கோட்டையில் குடித்தனம். அவர் மாரடைப்பில் போனதும், ஒரே மகள் திருப்பூரில் கல்யாணமாகி இருக்க, மாமியார் வீட்டில் கமலாக்கா ஒரு கூடுதல் ஆளாகிப் போனார். சோறு போட்டார்கள். ஆனால் தட்டை வைக்கிற சத்தத்தில் ஒரு மாற்றம் இருந்தது என்பார். ஐம்பதைத் தாண்டிய வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்தார். அண்ணன் வீட்டில் தங்காமல் அதே தெருவில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். "யார் வூட்லயும் ஒண்டிக்கினு இருக்க மாட்டேன். என் பங்க குடு, நான் பொழச்சிக்கிறேன்" என்று அண்ணனிடம் நேராகவே கேட்டார்.

பங்கு இரண்டு. கிழக்கே கிணற்றோடு கூடிய மேட்டுக் கொல்லை. மேற்கே வாய்க்கால் ஓரத்துக் கழனி, ஒரு சின்ன போர்வெல்லும் உண்டு. கழனியின் நடுவே வேப்பமரத்தடியில் அம்மன் கல். அளவில் இரண்டும் ஒன்றுதான்.

"மேட்டுக் கொல்லைய எடுத்துக்கோ கமலா. கெணறு இருக்குது. பொம்பள, தண்ணிக்கு யார்கிட்டயும் போய் நிக்கத் தேவையில்ல" என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார் தெய்வசிகாமணி.

கமலாக்கா தலையை ஆட்டினார். "கெணறு நீ வெட்டினது. எனக்கு அம்மா இருக்கிற கழனி போதும்."

கூட்டத்தில் ஒருவர், "அண்ணன் ஒருத்தன், தங்கச்சி ஒருத்தி, ரெண்டு பேரும் வுட்டுக் குடுக்கிறதிலயே நிக்கிறாங்களே, எதையாவது எடுத்துத் தொலைங்கம்மா, வெயில் ஏறுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணியும் சிரித்தார்.

கழனி பார்க்கவும் அழகாக இருந்தது. அப்போதுதான் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியிருந்தார்கள். வரப்பு சீவி, ஒரு களை இல்லாமல் கிடந்தது. வாய்க்கால் ஓரத்து மண்ணில் கரும்பு வைக்காமல் மல்லாட்டையும் பருத்தியுமாக மாற்றி மாற்றிப் போட்டு வந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு, "மண்ணு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று அவர் சொல்லியிருந்தார். நிலத்தை வருத்தாத மனிதர் என்று அதற்கும் பெயர் வாங்கியிருந்தார்.

தை மாதத்தில் கமலாக்கா கரும்பு நட்டார். சர்க்கரை மில்லில் பதிந்தார். விதைக் கரும்புத் துண்டுகளான கரணைகளை ஊன்றும்போது தானும் பெண்களோடு சேர்ந்து சாலில் நடந்தார். டிரைவர் பெண்டாட்டிக்குக் கரும்பு வருமா என்று கேலி பேசியவர்கள் சித்திரையில் வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு நல்ல முளைப்பு.

ஆடி மழைக்குப் பிறகு அம்மன் கல்லைச் சுற்றியுள்ள கரும்பின் அடியில் ஒரு சின்னச் செடி தலைகாட்டியது. ஒரு சாண் உயரம், சொரசொரப்பான இலை, வெள்ளை வெளேரென்று பூ. வரிசையாக வந்த களையை எல்லாம் கொத்தச் சொன்ன கமலாக்கா இதை மட்டும் விடச் சொன்னார்.

"அம்மா காலடியில தானா மொளைச்சிருக்குது பச்சையம்மா. கை வைக்காதே."

"எனக்கென்னம்மா வந்தது? வுட்டுர்றேன். கொத்தற வேல கம்மிதானே!"

அன்றாடம் நாலு பூவைப் பறித்துக் கல்லின் தலையில் வைப்பது கமலாக்காவுக்கு வழக்கமாயிற்று. கடையில் பூ வாங்கும் வேலை மிச்சம். பறிக்காத பூக்கள் காய்ந்து காயாயின, காய்கள் வெடித்தன. உள்ளே இருந்தது விதை என்று சொல்ல முடியாத அளவுக்குப் பொடி. புகையிலைத் தூள் போல, காற்றடித்தால் போய்விடும்.

காய் வெடிப்பதற்கு முன்பு ஒரு நாள் தெய்வசிகாமணி கழனிக்கு வந்தார். கமலாக்கா வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தார். அண்ணன் அம்மன் முன்னால் நின்று கும்பிட்டார். குனிந்து கல்லின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். நிமிர்ந்து, "பேரன் இன்னா படிக்கிறான்?" என்று கேட்டார். யூ.கே.ஜி. என்றார் கமலாக்கா. கொஞ்சம் ஊறுகாய் வாங்கித் தொட்டுக்கொண்டு, மழை நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் வெட்டு ஓரளவு வந்தது. எதிர்பார்த்தது இல்லை, நஷ்டமும் இல்லை. வெட்டிய கட்டையை அப்படியே விட்டு, அதிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பை வளர்த்தார். அந்த மறுதாம்பில்தான் எல்லாம் வெளியே வந்தது.

வைகாசியிலேயே இலை மஞ்சளாகத் தொடங்கியது. கணு நீளவில்லை. உச்சி வெயிலில் கரும்பு தோகையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. போரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தது, காலடியில் மண் சொதசொதவென்று ஈரம். ஆனாலும் கரும்பு தாகத்தில் நிற்பது போலவே நின்றது. தண்ணீருக்கு நடுவில் வாடுகிற பயிரை கமலாக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வேர்ப்புழு என்று ஒருவர் மருந்து வாங்க வைத்தார். கண்ணேறு என்று ஒருவர் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். அண்ணனிடம் கேட்டபோது, "தண்ணி பத்தல கமலா. இன்னும் கொஞ்சம் வுடு" என்றார். கமலாக்கா விட்டார். கல்வராயன் மலை மேல் மேகம் கறுக்கும்போதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பாராம். மழையே வந்தது, ஒன்றும் மாறவில்லை. ஆடி பிறந்ததும் கரும்பின் அடியெங்கும் வெள்ளைப் பூ. இப்போது அம்மன் கல்லைச் சுற்றி மட்டும் இல்லை. கழனியின் பாதிக்கு மேல் பால் தெளித்த மாதிரி இருந்தது.

மில்லின் பீல்டுமேன் இளமாறன் மோட்டார் சைக்கிளை வரப்பில் நிறுத்திவிட்டு இறங்கினார். மருந்துக் கடைக்காரர் போல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு கரும்புத் தூரை மண்ணோடு பெயர்த்து, வாய்க்காலில் அலசிக்கொண்டு வந்தார்.

"இத பாருங்கம்மா. இது கரும்பு வேரு. இது அந்தப் பூச்செடியோட வேரு. ரெண்டும் எங்க முடியுது, எங்க ஆரம்பிக்குது, சொல்லுங்க பாப்போம்."

கமலாக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சொல்ல முடியவில்லை. செடியின் வேர் நுனி குமிழ் மாதிரி வீங்கி, கரும்பின் வேருக்குள் போய்ப் புதைந்திருந்தது.

"சுடுமல்லிங்க. பச்சையா இருக்குது, இலை இருக்குது, தானா சாப்பிடற செடி மாதிரிதான் தெரியும். ஆனா கரும்போட வேருல வாய வெச்சு உறிஞ்சிக்கும். நீங்க வுடற தண்ணி கரும்புக்குப் போவுது, கரும்புலேர்ந்து இதுக்குப் போவுது. நாம பூவப் பாக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே மண்ணுக்குள்ள பாதிய குடிச்சிருக்கும்."

"பூ வந்தப்புறம் பிடுங்கினா?"

"இனிமே வர்ற விதையத் தடுக்கலாம். போனது போனதுதான்."

"இது எங்கேர்ந்துங்க வந்தது? காத்துலயா?"

இளமாறன் சிரித்தார். "காத்து இவ்ளோ கொண்டாந்து கொட்டாதும்மா. இந்த விதைக்கு ஒரு கொணம் இருக்குது. மண்ணுல பத்துப் பதினஞ்சு வருஷம்கூட செத்த மாதிரி கெடக்கும். மழை பேஞ்சா முளைக்காது, உழுதா முளைக்காது. பக்கத்துல கரும்பு வேரோ சோள வேரோ வந்து, அதுலேர்ந்து ஒரு சாறு கசிஞ்சாத்தான் கண்ண முழிக்கும். ஆள் வந்திருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எழுந்திருக்கும். இது நீங்க நட்டதுக்கப்புறம் வந்தது இல்ல. ஏற்கெனவே உள்ள இருந்திருக்குது. உங்களுக்கு முன்னாடி இங்க கரும்போ மக்காச்சோளமோ போட்டப்ப வந்திருக்கும்."

"எங்கண்ணன் ரொம்ப நாளா மல்லாட்டையும் பருத்தியும்தான் போட்டாரு."

இளமாறன் வேரைக் கீழே வைத்தார். "அப்படிங்களா" என்றார். பிறகு மெதுவாக, "அதுதாங்க இதுக்கு வைத்தியமே" என்றார். "மல்லாட்டை வேரும் அந்தச் சாறு மாதிரி ஒண்ணக் கசிய வுடும். விதை ஏமாந்து முளைச்சிரும். ஆனா அந்த வேருல இதால வாய் வைக்க முடியாது. முளைச்ச ஜோருல பட்டினில சாவும். போகத்துக்குப் போகம் மண்ணுல இருக்கிற விதை கொறஞ்சிக்கினே வரும்."

அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று கமலாக்காவுக்குப் புரியவில்லை. ஆனால் அன்று முதல் அவருக்குக் கரும்பைப் பற்றிய கவலை போய்விட்டது. ஒரே ஒரு கவலை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அண்ணனுக்குத் தெரியுமா?

தெரியாது என்று தனக்குத்தானே வாதாடினார். மண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தானே மல்லாட்டை போட்டார். நல்லது நினைத்துச் செய்தது வைத்தியமாகவும் ஆகியிருக்கலாம். என்னிடம் போனில் அதையே மூன்று விதமாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும், "நீ இன்னா நெனைக்கிற?" என்று கேட்டார். நான், "இருக்கலாம்க்கா" என்றேன்.

வாதாட்டத்தை முடித்துவைத்தது பச்சையம்மாள், அதுவும் தெரியாமல்தான். பூ பூத்த செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது பச்சையம்மாள் வாய்க்காலில் இறங்கிக் காலையும் களைக்கொத்தையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"வூட்டுக்குப் போய்க் கழுவினா ஆவாதா? நேரமாச்சு வா" என்றார் கமலாக்கா.

"பழக்கம்மா. உங்கண்ணன் கழனிய வெச்சிருந்தப்ப கழுவாம வுடமாட்டாரு. அம்மா இருக்கிற எடம், இந்த மண்ண வெளிய எடுத்துக்கினு போவக் கூடாது, தெய்வக் குத்தம்னு சொல்வாரு. அவரே டிராக்டர் டயரக் கழுவிட்டுத்தான் கொல்லைக்கு ஓட்டுவாரு. கலப்பைக் கொழுவு கொழுவா குச்சி வெச்சு நோண்டுவாரு. எங்காளு கேலி பண்ணுவான், 'சாமி கும்புடற டிராக்டர் இது ஒண்ணுதான்டி'ன்னு."

கமலாக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாம்மா, மயக்கமா?" என்று கேட்டாள் பச்சையம்மாள். "இல்ல. நீ போ" என்றார்.

மறுநாள் காலையில் மேட்டுக் கொல்லைக்குப் போனார். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் விழுந்த தண்ணீர் வாய்க்காலில் பிரிந்து, கருகருவென்று நின்ற கரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா கமலா, வெயில்ல நடந்து வந்திருக்கே? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணா. அந்தக் கழனில சுடுமல்லி இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"அது இன்னா மல்லி?"

"வெளையாடாதேண்ணா."

"களை எல்லாக் கழனிலயும்தான் வரும். அதுக்குப் பேரு வெச்சிக்கினா கூப்புடுவாங்க?"

"அங்க ஏன் நீ கரும்பே வைக்கல?"

"மண்ணுக்கு ஓய்வு..."

"கால ஏன் கழுவச் சொன்ன?"

மடை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் ஓடியது. அவர் அதைப் பார்க்கவில்லை. "அம்மா இருக்கிற எடம். ஒரு மரியாத" என்றார்.

"இங்க முனீஸ்வரன் இருக்காரு. இதோ, பனை மரத்தடியில. இவருக்கு நீ எந்த நாளு கால் கழுவுன?"

தெய்வசிகாமணி மம்முட்டியை ஊன்றி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். மலையில் வெள்ளிமலைப் பக்கம் டிராக்டரை வாடகை ஓட்டுக்கு விட்டிருந்த காலத்தில், அங்கத்திய மண் கலப்பையோடு வந்துவிட்டது என்றார். அந்த வருஷம் கழனியில் மக்காச்சோளம் போட்டிருந்தார். பாதிப் பயிர் உட்கார்ந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் விசாரித்துத்தான் பெயரே தெரிந்ததாம். ஊரில் தெரிந்தால் ஓட்டுக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள், நிலத்துக்கும் மதிப்புப் போய்விடும். அதனால் விதை மேட்டுக் கொல்லைக்குப் போகாமல் இருக்க, அம்மன் பெயரைச் சொல்லிக் கழுவ வைத்தார். குரலில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. பழைய காய்ச்சலைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

"அத என் தலையில கட்டிட்ட."

"நான் கட்டினேனா? மேட்டுக் கொல்லைய எடுத்துக்கோன்னு பத்துப் பேர் முன்னாடி சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. நான் எடுக்க மாட்டேன்னு தெரிஞ்சு சொன்ன."

"அது எனக்கு எப்டித் தெரியும்?"

"இந்தக் கெணத்த வெட்டறப்ப மண்ணு சரிஞ்சு நீ இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப உனக்குப் பீ மூத்திரம் அள்ளினவ யாரு? அண்ணிக்குப் பிரசவம், அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருந்தாங்க. எலவனாசூர்கோட்டைலேர்ந்து வந்து நான்தான் கெடந்தேன். இந்தக் கெணத்த நான் கேப்பேனா? ஊர்ல ஒருத்தருக்குத் தெரியாம இருக்கலாம். உனக்குத் தெரியாதா?"

தெய்வசிகாமணி போய் மோட்டாரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் கமலாக்காவின் குரல்தான் பெரிதாகக் கேட்டதாம். அதனால் அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதையெல்லாம் வுடு. அம்மா தலைல அந்தப் பூவ வெச்சிருந்தேன். நீ வந்த, குனிஞ்சு பாத்த. அப்ப கழனில மொத்தமே ஒரு கை செடிதான். காய் வெடிக்கல. 'இத பிடுங்கிடு கமலா'ன்னு ஒரு வார்த்த. பங்கு போட்டதுகூட எனக்கு ஆறிப் போவும்ணா. என் பேரன் இன்னா படிக்கிறான்னு கேட்டியே."

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். "நீ கேக்கலையே" என்றார்.

"இன்னா?"

"இது இன்னா செடின்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கமலாக்கா நிலத்தை மாற்றிக் கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். அந்தக் கழனியில் சுடுமல்லி இருந்தது, தெரிந்துதான் கொடுத்தேன் என்று ஊரில் சொல்ல வேண்டும். எங்கே வேண்டுமானாலும் சொல்லட்டும், டீக்கடையில் சொன்னால்கூடப் போதும்.

"பைத்தியமா உனக்கு? எனக்கு ரெண்டு பசங்க இருக்கிறாங்க, கல்யாணத்துக்கு நிக்கிறாங்க" என்றார் அவர்.

டீக்கடையில் அவர் பேசத்தான் செய்தார். கரும்பு என்றால் சும்மாவா, ராத்திரி பகல் கூடவே நிற்க வேண்டும், பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவளுக்கு மண் தெரியுமா, நான் அன்றைக்கே கிணற்றுக் கொல்லையை எடுத்துக்கொள் என்றேன், கேட்டாளா என்று. அதுவும் வருத்தமான முகத்தோடு. கேட்டவர்கள் அவருக்காக உச்சுக் கொட்டினார்கள். கமலாக்கா தன் பக்கத்தைச் சொல்லிப் பார்த்தார். ரேஷன் கடை வரிசையில் சொன்னார், பால் சொசைட்டியில் சொன்னார். மண்ணுக்குள் பல வருஷம் தூங்கி, கரும்பு வந்ததும் விழிக்கிற விதை என்றதும் பாதிப் பேருக்கு அது கதை போல இருந்தது. மீதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டார்கள். நீதானே எடுத்தே?

ஒரு கிழவர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியே இருந்தாலும் கமலா, அவன் உனக்குப் பங்கே தராம இருந்திருக்கலாம்ல?" என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் போனில் கமலாக்காவின் குரல் உடைந்தது.

மறுதாம்பை மார்கழியில் அழித்தார். வெட்டி மில்லுக்கு அனுப்ப ஒன்றும் தேறவில்லை. டிராக்டரை வெளியூரிலிருந்து கூப்பிட்டார். வந்தவரிடம் முதலில் விஷயத்தைச் சொல்லி, போகும்போது கலப்பையைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னார். அந்த ஆள் பயந்துபோய் ஓட்டவே யோசித்தாராம். பிறகு ஓட்டினார். உழுத கழனி விதைக்காகக் காத்திருந்தது. மல்லாட்டை விதைக்கு அலைந்துகொண்டிருந்தார் கமலாக்கா.

பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணி காசியம்மாள் சீர் கொண்டுவந்தார். அண்ணன் வீட்டுச் சீர், அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்கு வருஷா வருஷம் வர வேண்டும். தாம்பாளத்தில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புதுப் புடவை, தோளில் தோகையோடு ஜோடிக் கரும்பு. தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்தார். முழங்கையில் ஒரு சாக்குப் பையும் தொங்கியது. இந்த வருஷம் சீர் வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வந்துவிட்டது. அப்படியானால் அண்ணன் தங்கைக்குள் ஒன்றுமில்லை.

கமலாக்கா தாம்பாளத்தை வாங்கி உள்ளே வைத்தார். கரும்பைச் சுவரில் சாய்த்தார். காசியம்மாள் சாக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே தோல் உரித்த மல்லாட்டை விதை. பொறுக்கி எடுத்தது, ஒரே சீராக இருந்தது.

"இத போடு கமலா. நல்ல வெதை, நானே ஒடைச்சது. ரெண்டு போகம் இத போட்டு, நடுவுல பருத்திய வெச்சு, மறுபடி இதையே போடு. வேர் வுட்டா உள்ள இருக்கிறது ஏமாந்து முளைச்சிரும். ஒட்ட எடம் கெடைக்காம செத்துரும். கரும்பு மட்டும் அவசரப்பட்டு வெச்சிராதே."

இளமாறன் சொன்னதேதான், வார்த்தை பிசகவில்லை. கமலாக்கா ஒரு விதையை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே கேட்டார். "இதெல்லாம் உனக்கு யார் சொன்னது அண்ணி?"

"உங்கண்ணன்தான். கள்ளக்குறிச்சில கேட்டுக்கினு வந்து அப்பவே சொன்னாரு."

"எப்பவே?"

காசியம்மாள் பையின் வாயைக் கையில் பிடித்தபடி நின்றார். சொன்னதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

"பங்கு போட்ட அன்னிக்கு நீதான் கேசரி கிண்டின. எனக்குத்தான் மொதல்ல வெச்ச. 'நல்ல எடமா எடுத்துட்டே கமலா'ன்னு சொன்ன."

"நான் இன்னா பண்ணட்டும்? அந்த வூட்ல இருக்கிறவ நானு. வாயத் தொறந்தா எனக்கு இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதா? மனசு கேக்காமதான் அவருக்குத் தெரியாம இத ஒடைச்சு எடுத்தாந்தேன்."

கமலாக்கா அண்ணியின் விரல்களைப் பார்த்தாராம். ஓடு உடைத்து உடைத்து நகக்கண் எல்லாம் வெடித்திருந்தது. அது பொய்யில்லை என்று தெரிந்தது. அதனாலேயே தாங்க முடியவில்லை. மூலையில் இருந்த முறத்தை எடுத்து வந்து வைத்தார்.

"வெதைய இதுல கொட்டு அண்ணி. இது எனக்கு வேணும்."

காசியம்மாள் கொட்டினார். முறம் நிறைந்து தரையிலும் சிந்தியது. குனிந்து அதைப் பொறுக்கப் போனார்.

"அத நான் பொறுக்கிக்கிறேன்" என்ற கமலாக்கா உள்ளே போய்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். புடவை, வெல்லம், அரிசி, மஞ்சள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. அண்ணியின் கையில் கொடுத்தார். "இத எடுத்துக்கினு போ."

"கமலா! நாளைக்குப் பொங்கல். தெருவுல எல்லாரும் பாத்துக்கினு இருக்கிறாங்க."

"பாக்கட்டும்."

"சீரத் திருப்பினா அதோட முடிஞ்சுது. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அந்த வூட்லேர்ந்து ஒரு ஆள் வராது. யோசி."

"அவர் வாயால சொல்லச் சொன்னேன், சொல்லல. நீ கையால எடுத்துக்கினு போ."

சுவரில் சாய்த்திருந்த ஜோடிக் கரும்பை எடுத்து அண்ணியின் தோளில் தானே வைத்தார். அது மேட்டுக் கொல்லைக் கரும்பு. கை கொள்ளாத பருமன். தோகை நிலைப்படியில் இடித்தது. வாசல் வரைக்கும் அதைப் பிடித்து வழிவிட்டார்.

காசியம்மாள் தெருவில் இறங்கி நடந்தார். தோளில் கரும்பு, இரண்டு கையிலும் தாம்பாளம், முகத்தை மூட ஒரு கை மிச்சமில்லை. முதல் வீட்டைத் தாண்டினார். இரண்டாவது வீட்டு வாசலில் கோலமாவோடு நின்றவள் வாயில் கைவைத்தாள். குழாயடியில் யாரோ கேட்டது கமலாக்காவின் காதிலும் விழுந்தது.

"இன்னா காசியம்மா, சீர் திரும்பிப் போவுது? அப்ப கமலா சொன்னது நெசந்தானா?"

காசியம்மாள் நிற்கவில்லை. கமலாக்கா உள்ளே வந்து, தரையில் சிந்திய விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தில் போட்டார்.